அத்தை கேட்ட ஒரு வாய்த் தண்ணீர்!



பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் முடியாத பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எங்களுக்கு குடியாத்தம். என் மாமியாருக்கு 71 வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, 2022-ல் இருந்து வாரம் இரண்டு நாள் வேலூருக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்து வருகிறோம். கணவருக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். பஸ்ஸில் போய்வர அத்தையால் முடியாது. அதனால் 43 வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீட்டில் இருந்தது 2003-ல் வாங்கிய சின்ன கார். ஏ.சி. உண்டு, இருந்தாலும் பேருக்குத்தான்.

2023 மே மாதம். அக்னி நட்சத்திரம் நேரத்தில் எங்கள் பக்கத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டும். ஏ.சி. போட்டால் முதல் பத்து நிமிஷம் ஏதோ குளிர்ச்சி வரும். பள்ளிகொண்டா நெருங்குவதற்குள் அனல்தான் அடிக்கும். மெக்கானிக்கிடம் காட்டினேன். "கேஸ் தீர்ந்துடுச்சு மேடம்" என்று 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு கேஸ் போட்டார். பத்து நாளில் மறுபடி போனேன். மறுபடி கேஸ், மறுபடி 1,800. மூன்றாவது முறை, "கம்ப்ரஸரே போச்சு, 14 ஆயிரம் ஆகும்" என்றார். கணவரிடம் போனில் சொன்னால், "இருபது வருஷத்து வண்டி, வெயில் காலம், பின்னே எப்படி இருக்கும்? ஜன்னலைத் திறந்து வெச்சு ஓட்டு" என்று முடித்துவிட்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். என் பக்கத்து ஜன்னல் காற்று என் மேல் பட்டது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு என்ன கதி என்று நான் யோசிக்கவில்லை.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். சிறுநீர் பிரியாததால் குடித்தது உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோத்தால் மூச்சு முட்டும். அத்தைக்கு டாக்டர் கொடுத்த கணக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. காப்பி, மோர், ரசம் எல்லாம் அதற்குள்ளேதான். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த மே மாதம் ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் மூன்று கிலோ, மூன்றரைக் கிலோ ஏறியிருந்தது. ஒரு நாள் நாலு கிலோ! "பாட்டி, திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறீங்களா?" என்று நர்ஸ் சத்தம் போட, அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அன்று ராத்திரியே படுக்க முடியாமல் மூச்சிரைத்தது. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் கேட்டுவிட்டேன். "ஏன் அத்தை, நான் அளந்து கொடுக்கறது போதாதா?"

அத்தை மெதுவாகச் சொன்னார். "கார்ல வரும்போது முகத்துல அடுப்பு எரியற மாதிரி இருக்கும்மா. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. வீட்டுக்கு வந்தா ஒரு வாய்த் தண்ணி குடிக்காம இருக்க முடியல. ஒரு வாய்னு ஆரம்பிச்சா சொம்பு காலியாயிடுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எனக்காக ஓட்டவே கத்துக்கிட்ட. உன்கிட்டப் போய் காத்து சுடுதுன்னு குறை சொல்லுவேனா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அழுது என்ன செய்வது? காரை என்னவென்று பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். ஏ.சி.யைப் போடவே இல்லை. விசிறியை மட்டும் ஓடவிட்டேன். முதலில் சாதாரணக் காற்று. கால் மணி நேரத்தில் அத்தை பக்கத்துத் துவாரத்தில் கையை வைத்தேன், சுட்டது! ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் காலைக் காற்று சில்லென்று இருந்தது. ஏ.சி. கெட்டிருந்தால் வெளிக்காற்றுதானே வரவேண்டும்? அதைவிடச் சூடாக எப்படி வரும்? எங்கோ அடுப்பு எரிகிறது என்று புரிந்தது. டேஷ்போர்டில் நீலம், சிவப்பு போட்ட நெம்புகோல் ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது நீலத்தில்தான் இருந்தது. ஆனால் தள்ளிப் பார்த்தால் பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று நகர்ந்தது.

அத்தையை ஆஸ்பத்திரியில் விட்டால் நாலு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வேலூரிலேயே வயதான மெக்கானிக் ஒருவரிடம் போய், பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். "பாய், ஏ.சி. போடாமலே சூடா வருது. இந்த நெம்புகோல் ஆடுது."

அவர் பானெட்டைத் திறந்து காட்டினார். இன்ஜினைச் சுற்றிக் கொதிக்கிற நீர், இரண்டு ரப்பர் குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குப் போய் வருமாம். அதன் வழியே வீசும் காற்றுதான் ஹீட்டர். நெம்புகோலை நீலத்துக்குத் தள்ளினால், ஒரு கம்பி இழுத்து அந்த வெந்நீர்க் குழாயின் வால்வை மூடவேண்டும். எங்கள் காரில் கம்பியைப் பிடித்திருந்த கிளிப் கழன்றுபோய், வால்வு திறந்தபடியே துருவேறி இறுகியிருந்தது. கேஸ் அடுப்பில் குமிழ் 'ஆஃப்' காட்ட, தீ எரிந்துகொண்டே இருந்தால் எப்படி? அதே கதைதான்.

"கேஸ் போட்டதெல்லாம் ஒரு பக்கம் ஐஸ் வெச்சு, இன்னொரு பக்கம் அடுப்பு மூட்டின மாதிரிதாம்மா" என்று சிரித்தார் பாய். வால்வைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, புது கிளிப் மாட்டினார். கூலி 250 ரூபாய்! திரும்பும்போது உச்சி வெயில். சுங்கச்சாவடி தாண்டியும் குளிர்காற்றே வந்தது. அத்தை சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுவது அபூர்வம். எல்லாம் காரால் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதி தாகம் அந்தக் காரில்தான் இருந்தது.

பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்:

* ஏ.சி. இல்லாமல் விசிறி மட்டும் போட்டு, வெளிக்காற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட நன்றாகச் சுட்டால் முதலில் ஹீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் பிறகு. சில கார்களில் வால்வுக்குப் பதில் உள்ளே ஒரு தட்டிக் கதவு இருக்கும். அது சிக்கிக்கொண்டாலும் இதே தொல்லைதான்.

* வெளிக்காற்றை உள்ளே விடும் பொத்தான் திறந்திருந்தால் ரோட்டுச் சூடும் இன்ஜின் சூடும் சேர்ந்து வரும். ஏ.சி. ஓடும்போது அதை மூடி வையுங்கள்.

* கால் வைக்கும் மேட் நனைந்து, தித்திப்பான வாசனை வந்தால் உள்ளே ஹீட்டர் ஒழுகுகிறது என்று அர்த்தம். வாசனையில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. நீர் வடியும் குழாய் அடைத்திருக்கலாம்.

* இன்ஜின் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால் அது வேறு கோளாறு. ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

* "நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டர், குழாயைத் துண்டிச்சுடலாம்" என்பார்கள். ஒழுகினால் தவிர அவசரப்படாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால் கண்ணாடியில் பனி படர்வதை நீக்க அது வேண்டும்.

கடைசியாக ஒன்று. மெக்கானிக்கிடம் "ஏ.சி. சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எப்போது சுடுகிறது, எவ்வளவு நேரம் கழித்துச் சுடுகிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பவர்களும் காது கொடுப்பார்கள். கூடவே, பக்கத்து சீட்டில் இருப்பவரையும் அடிக்கடி ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

- ஒரு வாசகி, குடியாத்தம்.