ஊசிக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

"இன்னைக்கு விரதம், அப்படியே ரத்தமும் கொடுத்துட்டுப் போறேன்" என்று காஞ்சிபுரம் போன்ற கோயில் ஊரில் ஒருவர் வந்து நின்றால், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லித்தான் ரத்த வங்கியில் அனுப்புவார்கள். வெறும் வயிற்றில் 350 மில்லி ரத்தம் கொடுத்தால் மயக்கம் வரலாம்.

ரத்தம் கொடுக்க வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நீலநிற மயில்துத்தக் கரைசலில் விரல்நுனி ரத்தம் ஒரு சொட்டு விடுவார்கள். பதினைந்து நொடிக்குள் அது மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது. மிதந்தால் கொடுக்க வேண்டாம். தமிழகப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. தறி வேலையை விட்டுவிட்டு ஆசையாய் வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புவது அவருக்குச் செய்யும் அவமரியாதை இல்லை, அக்கறை.

எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தையும் சோதித்தாக வேண்டும். ஆனால் கிருமி உடம்பில் புகுந்த புதிதில் எந்தச் சோதனையிலும் சிக்காத நாட்கள் சில உண்டு. அந்த நாட்களில் ரத்தம் பெறும் நோயாளிக்கு இருக்கும் ஒரே காவல், கொடுப்பவர் சொல்லும் உண்மை. பச்சை குத்தினீர்களா, பாதுகாப்பற்ற உறவு உண்டா என்று தனியறையில் கேட்பது அதற்காகத்தான். நண்பர்கள் சூழ நிற்கும் முகாமில் அந்தக் கேள்விக்கு யார் வாய் திறப்பார்கள்? காஞ்சிபுரம் காரைப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி இழந்து கிடப்பவருக்கும் இப்படிச் சேர்ந்த ரத்தம்தானே ஏறுகிறது!

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை மறக்க முடியவில்லை. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே ஒரு முகாமில் எடுத்த ரத்தத்தில் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் உண்மை தெரிந்ததும் மருத்துவமனைக்குத் தகவல் கொடுத்தவர் அவரேதான். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. சில நாட்களில் அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்மேல் பழி போடுவது அநியாயம்.

கொடையாளர் படிவத்தில், சோதனையில் குறை தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா என்றொரு கேள்வி இருக்கிறது. அவசரத்தில் பலரும் அதைப் படிப்பதே இல்லை. 'ஆம்' என்று குறித்து, சரியான கைபேசி எண்ணை எழுதுங்கள். அந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்வது ரத்த வங்கியின் கடமை.