மாட்டு டாக்டர் ஹீரோவான கதை!

கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில், மாடு கன்று ஈனும் ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கன்று வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தால் இரண்டு உயிரும் போகலாம். பால் காசும் நின்றுபோகும். அப்போது தோள் வரை கையை விட்டு, கன்றைத் திருப்பி எடுக்கிறாரே மாட்டு டாக்டர்... அவரைத்தான் 1975-ல் இங்கிலாந்து சினிமா ஹீரோவாக்கியது.

படம், ‘ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’. இளம் டாக்டராக சைமன் வார்டு, அவருடைய முதலாளியாக ஆண்டனி ஹாப்கின்ஸ். மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் ஹெரியட்டின் நிஜப்பெயர் ஆல்ஃப்ரெட் வைட். யார்க்‌ஷயரில், தர்ஸ்க் என்ற சிற்றூரில் 1940 முதல் மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். கால்நடை மருத்துவர்கள் விளம்பரம் தேடக்கூடாது என்பது அன்றைய விதி. அதனால்தான் புனைபெயர்!

நம் ஊரில் 1962-க்கு போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மாட்டுக்கொட்டகைச் சுவரில் இன்றே எழுதி வையுங்கள்.