ரெடிஸ் உரிமம் மாறியபோது

ரெடிஸ் ஒரு தரவுத்தள மென்பொருள். தரவை வட்டில் தேடிக்கொண்டிருக்காமல் ரேமிலேயே வைத்திருந்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும். மளிகைக் கடையில் அடிக்கடி கேட்கும் சரக்கை எடைமேடைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு முறையும் குடோனுக்கு ஓட வேண்டாம். அதன் கட்டளைகளும் எளியவை. 'செட்' என்றால் ஒரு பெயரில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும். 'கெட்' என்றால் எடுத்துத் தரும். 'எக்ஸ்பையர்' என்று சொல்லி 300 என்று கொடுத்தால், 300 நொடி கழித்துத் தானே அழித்துவிடும். ஐந்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி போன்றவற்றுக்கு நிரலாளர்கள் ரெடிஸை நாடுவது இதனால்தான். பயன்படுத்துகிறவர் கண்ணில் அது படாது. இணையதளத்துக்கும் செயலிக்கும் பின்னால், சர்வருக்குள்ளே இருக்கும்.

இந்த மென்பொருளின் உரிமத்தை அதன் நிறுவனம் 2024 மார்ச் 20 அன்று மாற்றியது. பதினைந்து ஆண்டுகளாகத் திறமூலமாக இருந்தது அன்றோடு அப்படி இல்லாமல் போனது. எட்டே நாளில் அதே நிரலிலிருந்து வேறொரு பெயரில் புதிய திட்டம் தொடங்கியது. பதினான்கு மாதம் முடிவதற்குள் நிறுவனமே திறமூலத்துக்குத் திரும்பியது. இந்தப் போக்குவரத்தைப் புரிந்துகொள்ள உரிமம் என்ற சிறு கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-இல் ரெடிஸை வெளியிட்டார். இணையதளத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை அந்த நொடியே காட்டும் ஒரு சேவையை அவர் நடத்திவந்தார். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே தேவைக்கேற்ற தரவுத்தளத்தைத் தாமே எழுதிப் பார்த்தார். டிசிஎல் மொழியில் முந்நூறு வரி அளவில் இருந்த முன்மாதிரியைப் பிறகு சி மொழிக்கு மாற்றினார். வெளியிடும்போது அவர் தேர்ந்தெடுத்தது மூன்று நிபந்தனை கொண்ட பிஎஸ்டி உரிமம்.

அந்த மூன்று நிபந்தனையும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. மூலநிரலைப் பகிர்ந்தால் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதே. இயங்கு கோப்பாகக் கொடுத்தால் அதே குறிப்பை ஆவணத்தில் சேர். எழுதியவர் பெயரைச் சொல்லி உன் சரக்கை விளம்பரப்படுத்தாதே. அவ்வளவுதான். லாபத்தில் பங்கு கேட்கவில்லை, செய்த திருத்தத்தைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. நிரலை எடுத்து மூடிய மென்பொருளுக்குள் வைத்து விற்றாலும் தடையில்லை.

ஜிபிஎல் உரிமத்தின் வழி வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட அது, திருத்திய மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் திருத்திய மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால், தாம் பேசுவது விலையைப் பற்றி அல்ல என்று ஸ்டால்மன் ஆண்டுக்கணக்கில் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று சொல்லே பிரித்துவிடுகிறது. திறமூலம் என்ற பெயர் பின்னால் வந்தது. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் நிரலைத் திறப்பதாக அறிவித்த 1998-இல் கிறிஸ்டின் பீட்டர்சன் முன்மொழிந்த சொல்லின் தமிழாக்கம் அது. அதே ஆண்டில் உருவான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் பத்து விதிகளை வகுத்தது. அவற்றுள் ஐந்தாவதும் ஆறாவதும் இந்தக் கதைக்கு முக்கியமானவை: எந்த ஆளையும் கூட்டத்தையும் விலக்கக் கூடாது, எந்தத் தொழிலுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கக் கூடாது.

இந்த விதிகள் எழுதப்பட்ட காலத்தில் மென்பொருள் என்பது சிடியில் வாங்குவது அல்லது இறக்கி நிறுவுவது. அமேசான் 2006-இல் எஸ்3, இசி2 ஆகிய கிளவுட் சேவைகளைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கிளவுட் நிறுவனம் மென்பொருளை யாருக்கும் கொடுப்பதில்லை. தன் சர்வரில் ஓட்டி, அதைப் பயன்படுத்தும் நேரத்துக்கு வாடகை வாங்குகிறது. கொடுத்தால்தானே ஜிபிஎல் நிபந்தனை பிறக்கும்? இந்த ஓட்டையை அடைக்க 2007-இல் ஏஜிபிஎல் வந்தது. வலையமைப்பு வழியே பயன்படுத்துகிறவருக்கும் திருத்திய நிரலைக் காட்ட வேண்டும் என்றது. ஆனால் திருத்தாமல் அப்படியே ஓட்டுகிறவரை அதுவும் ஒன்றும் கேட்காது. பிஎஸ்டி உரிமத்தில் இருந்த ரெடிஸுக்கோ இந்தத் தடுப்பும் கிடையாது. அமேசான் தன் எலாஸ்டிகேஷ் சேவையில் 2013-இல் ரெடிஸைச் சேர்த்துக்கொண்டது. மற்ற கிளவுட் நிறுவனங்களும் அதே வழியில் வந்தன.

எழுதுவது ஒருவர், சம்பாதிப்பது இன்னொருவர் என்ற மனக்குறை இங்கேதான் முளைத்தது. முதலில் கதவைச் சாத்தியவற்றுள் ஒன்று மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம். 2018 அக்டோபரில் அது எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்தைத் தானே எழுதி அதற்கு மாறியது. அதன் பதின்மூன்றாம் பிரிவின்படி, மென்பொருளைச் சேவையாக விற்கிறவர் மேலாண்மை, கண்காணிப்பு, காப்புநகல் என்று அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் எல்லா நிரலையும் திறந்துவிட வேண்டும். பார்வைக்கு இது ஜிபிஎல்லின் நீட்சி. நடைமுறையில் எந்தக் கிளவுட் நிறுவனமும் நிறைவேற்ற முடியாத நிபந்தனை. அந்த நோக்கத்தில்தான் அது எழுதப்பட்டது என்று எண்ண இடமிருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் ஏற்பு கேட்டு அனுப்பிய மனுவை மோங்கோடிபி 2019-இல் தானே திரும்பப் பெற்றது.

அடுத்தது எலாஸ்டிக்சர்ச். அதன் தொடக்கம் ஒரு சமையலறைக் கதை. சமையல் கலை படித்துக்கொண்டிருந்த மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேட ஷே பேனன் எழுதிய கருவிதான் பின்னால் அந்தத் தேடுபொறியாக வளர்ந்தது. அமேசான் 2015-இல் அதே பெயரைச் சேர்த்து ஒரு சேவையைத் தொடங்கியது. எலாஸ்டிக் நிறுவனம் 2019-இல் வணிகக்குறி வழக்குப் போட்டது, 2021 ஜனவரியில் உரிமத்தையும் மாற்றியது. அமேசான் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற கிளையைப் பிரித்துக்கொண்டு தன் வழியில் போனது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் கருவியின் உரிமத்தை மாற்ற, அதன் கிளையான ஓப்பன்டோஃபு லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இடம் பிடித்தது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ரெடிஸ் நிறுவனம் அதே முடிவை எடுத்தது. அந்த நிறுவனத்தின் பூர்விகம் இங்கே கவனிக்க வேண்டியது. 2011-இல் கரன்டியா டேட்டா என்ற பெயரில் தொடங்கிய அது, சான்ஃபிலிப்போ எழுதிய ரெடிஸைக் கிளவுடில் ஓட்டி வாடகைக்கு விட்டது. அப்போது அவர் விஎம்வேர் நிறுவனத்தின் ஆதரவில் எழுதிக்கொண்டிருந்தார். நிறுவனம் 2014-இல் ரெடிஸ் லேப்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அவர் அங்கே சேர்ந்தது 2015-இல். அதாவது, பிறர் எழுதிய நிரலை வாடகைக்கு விடலாம் என்று பிஎஸ்டி கொடுத்த அனுமதியில் பிறந்த நிறுவனம், அதே அனுமதியை அமேசான் பயன்படுத்தியபோது குறைப்பட்டுக்கொண்டது. குறை பொய் என்று சொல்ல முடியாது; பெரிய கிளவுடோடு விலையில் மோதி நிற்பது சிறிய நிறுவனத்துக்கு முடியாத காரியம். ஆனால் விதியை மீறியவர் என்று யாரையும் கைகாட்ட அதற்கு இடமிருக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ரெடிஸ் லேப்ஸ் 2018-இல் கூடுதல் கூறுகள் சிலவற்றுக்கு மட்டும் உரிமத்தை மாற்றியது. மூல ரெடிஸ் பிஎஸ்டியிலேயே இருக்கும் என்று அப்போது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. 2020-இல் சான்ஃபிலிப்போ பராமரிப்புப் பொறுப்பிலிருந்து விலகியதும் ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. மூவர் ரெடிஸ் லேப்ஸ்காரர்கள். ஒருவர் அலிபாபா, ஒருவர் அமேசான். குற்றம்சாட்டப்பட்ட கிளவுட் நிறுவனங்களின் ஊழியர்களே நிரலையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'எடுத்துக்கொண்டு எதுவும் தருவதில்லை' என்ற வாதம் ரெடிஸ் விஷயத்தில் வலுக்குறைந்து போவது இதனால்.

எல்லோரும் சேர்ந்து எழுதிய நிரலின் உரிமத்தை ஒரு நிறுவனம் எப்படி மாற்ற முடிந்தது? விடை அந்த மூன்று நிபந்தனையிலேயே இருக்கிறது. மூடிய மென்பொருளுக்குள்ளும் வைக்கலாம் என்று பிஎஸ்டி அனுமதிப்பதால், பழைய குறிப்பை மட்டும் விட்டுவைத்து, புதிய பதிப்பை வேறு உரிமத்தில் வெளியிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலில் இது நடக்காது. அது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர் எழுதிய வரிகளின் பதிப்புரிமை அவரவரிடமோ அவரவர் நிறுவனத்திடமோ இருக்கிறது. உரிமத்தை மாற்ற அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும். ஜிபிஎல் வகை உரிமத்திலும் இன்னொரு வழியில் கதவு திறக்கலாம்: பங்களிக்கிறவர்களிடம் முன்கூட்டியே உரிமைகளை எழுதி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே ஒரு மென்பொருள் நாளையும் திறமூலமாக இருக்குமா என்று அறிய விரும்புகிறவர், உரிமத்தின் பெயரோடு பதிப்புரிமை யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் கொடுத்த அனுமதியைப் பின்தேதியிட்டுப் பிடுங்க முடியாது. புதிய உரிமம் 7.4 பதிப்பிலிருந்துதான். 7.2.4 என்றைக்கும் பிஎஸ்டிதான். அதை எடுத்து, 2024 மார்ச் 28 அன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீ என்ற திட்டத்தை அறிவித்தது. அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் ஆகியவை ஆதரவு தந்தன. ஐவர் குழுவில் இருந்த அமேசான் பொறியாளர் மேட்லின் ஆல்சன் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஃபெடோரா லினக்ஸ் தன் 41-ஆம் பதிப்பில் ரெடிஸுக்குப் பதில் வால்கீயை வைத்தது. 2024 அக்டோபரில் அமேசான் தன் எலாஸ்டிகேஷில் வால்கீயைக் கொண்டுவந்து, சர்வர் வாடகையை ரெடிஸை விட 20 சதவீதம் குறைத்தது. யாரைத் தடுக்க உரிமம் மாறியதோ அவர் கையில் மலிவான மாற்றுச் சரக்கு வந்து சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் மட்டும் ரெடிஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதிலேயே தங்கியது.

எலாஸ்டிக் 2024 ஆகஸ்டில் ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டு திறமூலத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டின் இறுதியில் சான்ஃபிலிப்போ மீண்டும் ரெடிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 2025 மே 1 அன்று வெளிவந்த ரெடிஸ் 8, 2024 மாற்றத்தில் வந்த இரு உரிமங்களோடு ஏஜிபிஎல்லையும் மூன்றாவது தேர்வாக வைத்தது. ஏஜிபிஎல் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்ற உரிமம் என்பதால் ரெடிஸ் மறுபடியும் திறமூலம். ஆயினும் பழைய இடத்துக்கு அது வரவில்லை. ஏஜிபிஎல் நிரலை வளாகத்துக்குள்ளேயே விடாத நிறுவனங்கள் உண்டு. கூகுள் அதை வெளிப்படையான விதியாகவே வைத்திருக்கிறது.

இப்போது ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு மென்பொருள்கள் தனித்தனியே வளர்கின்றன. வால்கீயில் எழுதப்படும் நிரலை, குறிப்பை நீக்காமல், ரெடிஸ் எடுத்துக்கொள்ளலாம். பிஎஸ்டி அதை அனுமதிக்கிறது. ரெடிஸ் 8-இல் புதிதாக எழுதப்படுவதை வால்கீ எடுத்துத் தன் பிஎஸ்டி நிரலோடு கலக்க முடியாது, ஏஜிபிஎல் விடாது.