பாரன் தீவும் பேட்டரி ஆசிட்டும்

அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் இருக்கிறது பாரன் தீவு. இந்தியாவில் இன்றும் குமுறும் எரிமலை இது ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடங்கிப்போய், 1991இல் மறுபடி விழித்தது.

எரிமலைப் புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். காற்றின் ஆக்ஸிஜனும் ஈரமும் அதை மெல்ல மெல்லக் கந்தக அமிலத் துளிகளாக்கும். அதே 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை இந்த வாயுவைக் கோடி டன்னுக்கு மேல் கக்கியது. அது அடுக்குமண்டலத்தில் அமிலப் படலமாகி வெயிலைத் தடுத்ததில் உலகின் சராசரி வெப்பமே ஏறக்குறைய அரை டிகிரி இறங்கிவிட்டது. பாரன் சின்ன மலை. அதன் புகைக்கு அந்த உயரம் எட்டாது.

கந்தக அமில ஆலையிலும் இதே வேதியியல்தான், வேகம்தான் வேறு. கந்தகத்தை எரித்து வரும் வாயுவைச் சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியின் மேல் செலுத்தினால் கந்தக ட்ரை ஆக்சைடு கிடைக்கும். அதை நேரே தண்ணீரில் விட்டால் பிடிக்கு அடங்காத அமில மூட்டமாகிவிடும். அதனால் 98 சதவீத அமிலத்திலேயே கரைக்கிறார்கள். இந்த முறைக்கு முதலில் வித்திட்டு 1831இல் காப்புரிமை வாங்கிய பெரிக்ரின் பிலிப்ஸ், பிரிஸ்டல் நகரத்து வினிகர் வியாபாரி!

கந்தகத்துக்காக இன்று யாரும் எரிமலை ஏற வேண்டியதில்லை. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதே நிறையக் கிடைக்கிறது. உலகில் தயாராகும் அமிலத்தில் பாதிக்கு மேல் பாஸ்பேட் உரத்துக்குப் போகிறது. நம் ராணிப்பேட்டையில் 1906இலேயே சூப்பர் பாஸ்பேட் உர ஆலை வந்துவிட்டது.

அந்தமான் தீவுக்காரர்களுக்கு இந்த அமிலம் பழக்கமானது பேட்டரி ஆசிட்டாகத்தான். படகு, லாரி, டீசல் ஜெனரேட்டர் எதுவானாலும் கிளப்ப ஒரு ஈயப் பேட்டரி வேண்டும். மின்சாரம் இறங்க இறங்க அமிலத்தின் சல்பேட் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும்; திரவம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் சல்பேட் திரும்பிவிடும். மெக்கானிக் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்பது இந்த அடர்த்தியைத்தான். 1.28 அளவில் நின்றால் முழு சார்ஜ், 1.15க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆவியாகிப் போனது தண்ணீர். அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது.