வர்ச்சுவல் டூர் போட்டால் வீடு சீக்கிரம் விற்குமா?

"சார், ஒரு 360 டூர் எடுத்துப் போட்டுடலாம். பார்ட்டி சீக்கிரம் படியும்." சென்னையில் ரீசேல் ஃபிளாட் விற்கக் கிளம்புகிறவர்கள் இப்போது இந்தப் பேச்சிலிருந்து தப்ப முடிவதில்லை. புரோக்கரும் சொல்கிறார், விளம்பரம் வாங்க போன் செய்கிற இணையதளக்காரரும் சொல்கிறார். வீட்டு விலைக்கு முன்னால் அந்தச் செலவு தூசுதான். ஆனாலும் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாமே.

முதலில், டூர் என்று எதை விற்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து போட்டோக்களைக் கோத்து, பின்னால் புல்லாங்குழல் இசை சேர்த்துத் தருவதையும் சிலர் வர்ச்சுவல் டூர் என்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளே போனில் செய்துவிடுவார்கள். இரண்டாவது வகை, ரிக்கோ தீட்டா, இன்ஸ்டா360 போன்ற கேமராக்களால் எடுப்பது. முன்னும் பின்னும் மீன்கண் லென்ஸ் வைத்த சின்னக் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, எடுப்பவர் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு போனிலிருந்து கிளிக் செய்வார். அறைக்கு ஒன்றிரண்டு இடத்தில் எடுத்து இணைத்துவிட்டால், பார்ப்பவர் திரையைத் தொட்டுத் தொட்டு ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகலாம், நிமிர்ந்து சீலிங்கில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். மூன்றாவது வகை, 2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய மேட்டர்போர்ட் நிறுவனம் பிரபலமாக்கியது. இதில் படத்தோடு தூரமும் பதிவாகிறது. அதனால் கூரையைக் கழற்றி வைத்த பொம்மை வீடு மாதிரி மொத்த வீட்டையும் மேலிருந்து பார்க்கலாம், சுவருக்குச் சுவர் நீளமும் அளக்கலாம். விலை பேசும்போது இதில் எந்த வகை என்று கேளுங்கள். மாதச் சந்தா நின்றால் லிங்க்கும் செத்துப்போகுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

டூர் போட்டால் விலை ஏறுமா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட வீட்டு விற்பனைகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது டூர் உள்ள வீடுகள் கொஞ்சம் கூடுதல் விலைக்குப் போனதாகத் தெரிந்தது. விளம்பரத்தில் இருந்த போட்டோக்கள், எழுதியிருந்த விவரம், விற்றுக் கொடுத்த ஏஜென்ட் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தக் கூடுதல் கரைந்துவிட்டது. யோசித்தால் இதில் வியப்பில்லை. டூர் எடுக்க மெனக்கெடுகிற ஆள் போட்டோவையும் வெளிச்சத்தில் எடுப்பார், வீட்டையும் ஒழுங்காகத் துடைத்து வைப்பார். "விலை ஏறும்" என்று சொல்லி டூர் விற்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் அது எதற்கு உதவும்? வேண்டாத ஆட்களை வீட்டு வாசலுக்கு வராமலே கழிக்க உதவும். சனி, ஞாயிறு ஆனால் புரோக்கர் மூன்று குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒருவர் ஹாலைப் பார்த்ததுமே "கிச்சன் சின்னது" என்று திரும்பிவிடுவார், இன்னொருவருக்குத் தென்மேற்கில் பாத்ரூம் இருப்பது ஆகாது. இவர்கள் இருவரும் டூரைப் பார்த்திருந்தால் வந்திருக்கவே மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் ஃபிளாட்டில் இது சின்னத் தொல்லைதான். உள்ளே வாடகைக்குக் குடும்பம் இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு முறையும் அவர்களைக் கெஞ்சி, கைக்குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து ஆள் அனுப்ப வேண்டும். அங்கே ஒரு நல்ல டூர் தன் செலவைச் சம்பாதித்துவிடும்.

அதைவிடப் பெரிய பயன், வாங்குகிறவர் தொலைவில் இருக்கும்போது. மகன் நியூஜெர்சியில் இருக்கிறார், பணம் அவருடையது. அப்பா மதுரையில் இருக்கிறார், முடிவு அவருடையது. மருமகளின் அம்மா கோவையில், வாஸ்து கேட்பது அவர். இப்படி ஒரு குடும்பத்துக்கு டூர் லிங்க் வாட்ஸ்அப் குரூப்பில் போய் விழுந்தால் மூன்று பேரும் ஒரே வீட்டை அவரவர் நேரத்தில் பார்த்துப் பேச முடியும். போட்டோவில் காட்டாமல் விட்ட மூலையைப் பற்றிய சந்தேகம் எழாது. இப்படிப்பட்டவர்கள் தேடி வருகிற வீடு என்றால் போடுங்கள்: பெரிய ஃபிளாட், தனி வீடு, அமைப்பு வழக்கத்துக்கு மாறாக இருக்கிற வீடு. நூறு வீடுகளும் ஒரே அச்சில் வார்த்த குடியிருப்பில் டபுள் பெட்ரூம் என்றால் வேண்டாம். பக்கத்து பிளாக்கில் அதே வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடமே வருவார்கள். அளவு போட்ட ஒரு பிளான், பகல் வெளிச்சத்தில் எடுத்த பன்னிரண்டு போட்டோ, கேட்டால் ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால் போதும். வீடியோ காலில் "அந்தக் குழாயைத் திறங்க, பிரஷர் பார்க்கலாம்" என்று கேட்க முடியும். டூரில் அது முடியாது.

சென்னை வீட்டைப் பற்றி வாங்குகிறவர் உண்மையில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் கேமராவுக்கு எட்டாதவைதான். மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி எத்தனை? 2015 டிசம்பரிலும் 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது? வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு என்றால் முதல் கேள்வியே இதுதான். மொட்டை மாடிக்குக் கீழ்வீட்டில் மே மாத மதியத்து வெக்கையையும் எந்த லென்ஸும் காட்டாது. அகல லென்ஸ் பத்தடி அறையைப் பதினாலு அடியாகக் காட்டும் என்பது வேறு. அதை நம்பி வந்தவர் நேரில் பார்த்து முகம் சுளித்தால் பேரம் உங்கள் பக்கம் சாயாது. டூரோடு அறை அளவுகளை எழுதிப் போடச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, பணம். தமிழ்நாட்டில் ரீசேல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சம் என்று பத்திரம் போட்டால் 7 லட்சத்து 20 ஆயிரம் அதற்கே போய்விடும். இவ்வளவு கொடுக்கப்போகிறவர் திரையில் பார்த்த அழகை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவரே இலவசமாகப் பார்த்துவிடுவார். அடுத்து யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) எத்தனை சதுர அடி, பிளான் அப்ரூவல் இருக்கிறதா, தாய்ப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார். இந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்து தயாராக வைத்திருப்பவரின் வீடு, டூர் இல்லாமலே வேகமாக நகரும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கி வையுங்கள்.

எடுப்பது என்று முடிவு செய்தால் அரைகுறையாக எடுக்காதீர்கள். போட்டோவில் அழுக்குச் சுவரைத் தவிர்க்கலாம். 360-ல் எல்லாமே தெரியும். பாத்ரூமை விட்டுவிட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். சர்வீஸ் ஏரியா, கார் நிற்கும் இடம், லிஃப்ட், கேட்டுக்கு வெளியே தெருவின் அகலம் இவையும் இருக்கட்டும். பிளானில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டால் பாதி போன் கால்கள் குறையும். காலை 9 மணிக்கு மேல், ஜன்னல் எல்லாம் திறந்து, விளக்கு எல்லாம் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாமே தெரிவதில் ஓர் ஆபத்தும் உண்டு. பீரோ இருக்கும் மூலை, பால்கனிக் கதவின் தாழ்ப்பாள், சுவரில் மாட்டிய குடும்பப் படம், மேசை மேல் கிடக்கும் கரண்ட் பில் எல்லாமே லிங்க் கிடைத்த எவருக்கும் தெரியும். எடுப்பதற்கு முன் அகற்ற முடிந்ததை அகற்றிவிடுங்கள், முடியாததை மங்கலாக்கித் தரச் சொல்லுங்கள். லிங்க்கைப் பொதுவில் போடாமல் விசாரிக்கிறவர்களுக்கு மட்டும் அனுப்பலாம். பத்திரம் பதிந்த அன்றைக்கே அதை நீக்கிவிடுங்கள். அன்றிலிருந்து அது வேறொருவர் வீட்டின் உட்புறம்; நீக்கச் சொல்லிக் கேட்க அவருக்குத் தோன்றாமலே போகலாம்.