ஈ ஓட்டும் விஞ்ஞானம்

"எம்.எஸ்ஸி. படிக்க ஹைதராபாத் வந்து ஈயா ஓட்டுகிறாய்?" என்று விடுதி நண்பர்கள் கேலி செய்வதுண்டு. உண்மைதான். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்குமே, எள்ளளவான பழ ஈ, அதுதான் என் பாடம்.

காரணம் அம்மா. எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். சம்பங்கி என்றால் அம்மாவுக்கு உயிர். அப்பாவைச் சம்பங்கி மாலையோடு தூக்கிச் சென்ற நாள் முதல், அந்த மணம் வந்தாலே எழுந்து போய்விடுகிறாள். பூ மாறவில்லை; பின் மாறியது எது?

1974இல் கலிபோர்னியாவில் சீமர் பென்சர் குழுவினர் ஈக்களுக்கு ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி தந்தனர். மற்றொன்றை வெறுமனே காட்டினர். பிறகு சோதித்தபோது ஈக்கள் முதல் வாசனையைத் தவிர்த்தன. நம் நாட்டிலும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திகியும் வெரோனிகா ரொட்ரிக்ஸும் மணம் சரிவர அறியாத ஈக்களைப் பிரித்தெடுத்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டனர்.

ஈயின் மூளையில், காளான் வடிவான பகுதி ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 2000 நரம்பணுக்கள். ஒரு வாசனைக்கு அவற்றில் நூற்றுக்கு ஐந்தே விழிக்கும். புள்ளிகள் அவையே, வாசனைக்கு வாசனை கோலம் வேறு. இக்கோலத்தைப் படித்து "நெருங்கு" என்று தூண்டும் நரம்பணுக்கள் சில, "விலகு" என்று தூண்டுபவை சில. இரண்டும் தராசுத் தட்டுகள் போல.

அதிர்ச்சி பட்டதும் டோப்பமின் என்னும் இரசாயனம் சுரக்கிறது. அது "விலகு" தட்டில் எடை ஏற்றும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இல்லை! அவ்வேளை விழித்திருக்கும் அணுக்கள் "நெருங்கு" அணுக்களோடு கொண்ட தொடர்பை அது தளர்த்துகிறது. எடை குறைந்த தட்டு மேலே போக, மற்றது தானே தாழ்கிறது. வெறுப்பு புதிதாக முளைக்கவில்லை. விருப்பத்துக்குப் போகும் வழி மெலிந்துவிட்டது.

மனிதர் ஈயல்லர், அம்மாவின் துயரைக் குழாயில் அடைக்க நான் துணியவில்லை. ஆயினும் இன்னொரு செய்தி என்னை விடவில்லை. அதே வாசனையை அதிர்ச்சியின்றி மீண்டும் மீண்டும் காட்டினால், ஈயின் அச்சம் தணிகிறது. பழைய நினைவு அழிவதில்லை. அதன் பக்கத்திலேயே எதிரான புது நினைவு ஒன்று உருவாகிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் 2018இல் கண்டது இது.

பொங்கலுக்கு ஊர் போகையில் ஒரு முழம் சம்பங்கி வாங்கிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.