ஆடு தொடாத இலை

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி ஊருக்குள் வந்தால், வேலியில்லாத வாசலிலும் நித்தியகல்யாணி செழிக்கும். முழங்கால் உயரப் புதர். வருஷம் முழுக்கப் பச்சை, வருஷம் முழுக்கப் பூ. கண்டதையும் மேயும் ஆடுகூட இதைத் தொடாமல் போய்விடும். அத்தனை கசப்பு.

உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை எளிதில் இழுக்க முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே வறட்சி! நித்தியகல்யாணி இதை ஓரளவு தாங்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்செடிக்கு உப்புநீர் ஊற்றிப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ச்சி குறைந்தது, பச்சையம் குறைந்தது. ஆல்கலாய்டு மட்டும் கூடியது. ஆல்கலாய்டு என்பது செடி தன் காவலுக்குத் தயாரிக்கும், நைட்ரஜன் கலந்த கசப்புப் பொருள்.

அந்தக் காவல் ஏற்பாடு அபாரமானது. இலைச் செல்லின் சாற்றறையில் ஸ்ட்ரிக்டோசிடின் என்ற பொருள் சாதுவாகக் கிடக்கிறது. அதை நஞ்சாக்கும் நொதி, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதம், அதே செல்லின் உட்கருவில் தனியே பூட்டப்பட்டிருக்கிறது. புழு கடித்துச் செல் நசுங்கினால்தான் இரண்டும் சந்திக்கும். வெடிமருந்து ஓர் அறையில், திரி இன்னோர் அறையில்!

இன்னொரு பிரிவினையும் உண்டு. கேதரான்தின் என்ற ஆல்கலாய்டு இலையின் மேற்பரப்பு மெழுகில், வின்டோலின் என்ற இன்னோர் ஆல்கலாய்டு இலைக்குள்ளே. இவை இணைந்தால்தான் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்ணிழைகளை அது உருவாகவிடாது. பிரிவு பாதியில் நின்றுபோகும். செடியே இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால் மருந்து கிடைப்பது அரிது: ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிரிஸ்டினுக்கு அதைவிடப் பல மடங்கு. 2022இல் ஈஸ்ட்டுக்குள் இச்செடியின் மரபணுக்களைப் புகுத்தி, மருந்தின் இரு பாதிகளையும் அதிலேயே தயாரித்துக் காட்டினார்கள். செடி சத்தமில்லாமல் செய்வதைச் செய்ய, முப்பது வேதிப்படிகளை ஈஸ்ட்டுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

வளர்ப்பது அதைவிடச் சுலபம். விதையை மண்ணால் மூடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். உப்பைப் பொறுக்கும் செடி தேங்கும் நீரைப் பொறுக்காது, வேர் அழுகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் பாத்தியை மேடாக்கிவிடுங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் புதர் அடர்த்தியாகும். கையைக் கழுவ மறக்காதீர்கள். சர்க்கரைக்கு நல்லதென்று கேள்விப்பட்டு இலையைக் காய்ச்சிக் குடிக்கவும் வேண்டாம். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதே நம்பிக்கையில்தான் எலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளணுக்கள்தான் சரிந்தன. புற்றுநோய் மருந்துக்கு வழி திறந்தது அந்தச் சரிவுதான்.